மூன்று முட்டிக் கள்ளு: வன்னியில் ஏழு நாள்

முதலாம் நாள்: வவுனியாவிலிருந்து முல்லியவளை

இரவு பஸ் விடியற்காலை நாலரைக்கு வவுனியாவில் இறக்கிவிட்டது. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு முல்லைத்தீவு பஸ்ஸில் யன்னலோரம் இடம் பிடித்தேன். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ9 வீதி வடக்கே போகிறது. மாங்குளத்தில் பஸ் கிழக்கே திரும்பியதும் காடு இரண்டு பக்கமும் கிட்ட வந்துவிட்டது.

ஒட்டுசுட்டானுக்கு முன்னால் வீதியோரம் ஒரு அம்மா சுண்டால் அளந்து பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பஸ் நின்ற இரண்டு நிமிடத்துக்குள் இறங்கி இரண்டு சுண்டு வாங்கிவிட்டேன். மஞ்சள் மஞ்சளாய், விரல் நுனியளவு பழம். நாலைந்து சாப்பிட்டதும் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் பூசினால்தான் போகும். பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் போனவனுக்கு இந்தப் பிசுபிசுப்பு அப்படியே நினைவிருந்தது.

எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கனடாவில் நயாகராப் பக்கம் வைன் செய்யும் இடமொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே ஒரு போத்தலில் எந்தத் தோட்டம், எந்த வருடம், எந்தத் திராட்சை என்று எல்லாம் எழுதி ஒட்டுவோம். சில வைன்களில் தோட்டத்தின் எந்தத் துண்டுக் காணி என்பதுகூட இருக்கும். என் சொந்த மண்ணிலும் ஒரு வைன் இருக்கிறது, பனங்கள்ளு. அதன் மரத்தையும் நேரத்தையும் நான் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. இந்த முறை கேட்க வேண்டும் என்றுதான் புறப்பட்டேன்.

இரண்டாம் நாள்: மாமாவின் தட்டு

முல்லியவளையில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் இருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார். மாமா குடிக்கிறவர் அல்ல. ஆனால் சாமியறைக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில், தட்டு முழுக்க ஊறல் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் கொப்பித் துண்டில் பழத்தின் பெயரும் திகதியும் ஒட்டியிருக்கும். கிழமைக்கு ஒருமுறை எடுத்துக் குலுக்குவார். வருகிறவர்களுக்குச் சின்னக் கிளாசில் ஒரு வாய், அவ்வளவுதான்.

அவர் செய்வது இதுதான். பாலைப்பழத்தை ஒருநாள் வெயிலில் போட்டுச் சுருங்க வைப்பார். அப்போது பால் இறுகிவிடும். கொட்டையை எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய பனஞ்சாராயத்தில் நாற்பது நாள் ஊறவைப்பார். பிறகு வேட்டித் துணியில் வடித்து, பனங்கட்டிப் பாகு விட்டு, இன்னும் இரண்டு மாதம் கிடக்க விடுவார்.

“இனிப்பு எவ்வளவு விடுவீங்கள் மாமா?”

“நாக்குச் சொல்லுறவரைக்கும்.”

ஐரோப்பாவில் லிக்கர் என்று பெயர் வைக்க, பொதுவாக லீற்றருக்குக் குறைந்தது 100 கிராம் சீனியும் 15 வீத மதுசாரமும் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிரான்சின் டிஜோன் நகரத்தார் ‘கசீஸ்’ என்ற கறுப்புச் சிறுபழத்தில் செய்வது இன்னும் இனிப்பு. அதற்கு 400 கிராம். மாமாவின் போத்தலை நாக்கால் மதிப்பிட்டால் 150ஐத் தாண்டாது. அதுதான் சரியான அளவு என்பது என் எண்ணம். பாலைப்பழம் தன்னிலேயே தேன் மாதிரி. அதன்மேல் சீனியைக் கொட்டினால் பழம் செத்துவிடும். பனங்கட்டிக்கு ஒரு கரிய உவர்ப்பு இருப்பதால் அந்தத் திகட்டல் இல்லை. முதலில் புகை, பிறகு காய்ந்த பேரீச்சம்பழம், கடைசியில் பச்சை மரப்பட்டை மாதிரி ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு நாக்கில் நெடுநேரம் நின்றது.

வீரப்பழத்தில் செய்தது அவ்வளவு சரிவரவில்லை. நிறம் அழகு, ஆனால் கொட்டையை எடுக்காமல் போட்டதால் கசப்பு ஏறிவிட்டது. மாமாவிடம் சொன்னேன். “அடுத்த முறை எடுத்துப் பாப்பம்” என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். நான் வேலை செய்யும் இடத்திலும் இப்படித்தான் குறிப்போம்.

பின்னேரம் மாமா வளவில் கிடந்த பழைய வண்டிச் சட்டத்தைக் காட்டினார். சவண்டலை மரம். சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேயர் இதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இலங்கையின் தென்னஞ்சாராயம் பரம்பரையாகச் சவண்டலைப் பீப்பாய்களில்தான் பதப்படுகிறது. பிரான்சுக்கு ஓக் எப்படியோ அப்படி இது நமக்கு. இந்தக் காட்டு மரமும், இந்தக் காட்டுப் பழமும், பனஞ்சாராயமும் ஒரே பீப்பாய்க்குள் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். சட்டத்தில் ஒரு சின்னத் துண்டைச் சீவி, இந்த வருடத்துப் பாலைப்பழப் போத்தலொன்றுக்குள் போட மாமா சம்மதித்திருக்கிறார்.

மூன்றாம் நாள்: பூநகரிக்கு

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வீதி. வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். முள்ளிவாய்க்காலில் இறங்கினேன். மே 18 முடிந்து அதிக நாளாகவில்லை. நினைவு முற்றத்தில் பூக்கள் காய்ந்து கிடந்தன. அங்கே நின்றதைப் பற்றி இந்தக் குறிப்பில் எழுத எனக்கு வரவில்லை.

பரந்தனில் பஸ் மாறி, மாலை பூநகரி. வழியில் தலையில்லாத பனைகள் சில இன்னும் நிற்கின்றன. ஷெல் தலையைக் கொண்டுபோனவை அவை. பதுங்குகுழிக்கு வெட்டப்பட்டவற்றுக்கு அடிக்கட்டைகூட மிச்சமில்லை. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் திரும்பத் துளிர்க்காது.

நான்காம் நாள்: மூன்று மரம்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

நண்பன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அண்ணை நாற்பது வருடமாகச் சீவல் தொழில் செய்கிறார். முதல்நாள் இரவே போய்க் கேட்டிருந்தேன். ஒரே ஒரு வேண்டுகோள்: மூன்று மரத்துக் கள்ளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே இறக்கித் தர வேண்டும். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, எல்லாம் கடைசியில ஒரு பீப்பாவுக்குள்ளதானே போகப்போகுது?”

“உங்களுக்கு மூண்டும் ஒண்டா அண்ணை?”

“எனக்கெப்பிடி ஒண்டாகும்!”

காலை ஐந்தரை. காலில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, சுரைக்குடுவை. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுகிற அந்த உடம்பைக் கீழே நின்று பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு பனையில் காலையும் மாலையும் ஏற வேண்டும். ஏறுகிற ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியைக் கடதாசி கனத்தில் சீவிவிடுவார். கொஞ்சம் தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துவிடும். அதற்கும் முன்னால், பாளையைப் பல நாள் பதமாக நசுக்கிக் கட்டிப் பழக்க வேண்டும். எவ்வளவு நசுக்குவது என்பது எந்த அளவுகோலிலும் இல்லை, அவருடைய கையில் இருக்கிறது.

முதல் மரம் கடனீரேரிப் பக்கத்து மணலில் நிற்கும் ஆண்பனை. அவருடைய அப்புவின் காலத்து மரம். இரண்டாவது வயல் வரம்பில் நிற்கும் பெண்பனை. மூன்றாவதைக் காட்டும்போது அவர் குரல் மாறியது. கூரை உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய இளம் மரம்.

“மீள்குடியேறி வந்த வருஷம் விதை போட்டனான், 2010. இந்த வருஷந்தான் முதல்பாளை. ஆணோ பெண்ணோ எண்டு இவ்வளவு நாளும் தெரியாது.”

பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். பூக்கும்வரைக்கும் வித்தியாசம் தெரியாது. பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும், சிலவற்றுக்கு இன்னும் கூட. சண்டை முடிந்தபின் வன்னியில் போட்ட விதைகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பாளை தள்ளுகின்றன. இது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது.

மூன்றையும் பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார். மணல் மரத்துக் கள்ளு மெலிவு. இனிப்புக்கு அடியில் ஒரு சொட்டு உப்பு இருப்பதாக என் நாக்குக்குப் பட்டது. வரம்பு மரத்தது கனம், நுங்கின் மணம், தொண்டையில் மெதுவாக இறங்கியது. இளம் மரத்தது நுரைத்துக்கொண்டு வந்தது, எலுமிச்சந்தோல் மாதிரி ஒரு கூர்மை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் குடித்தேன், பிளாக்களை அண்ணையின் மகன் மாற்றி மாற்றி வைத்தான். மூன்று முறையும் இளம் மரத்தைத் தவறாமல் பிடித்தேன். மற்ற இரண்டையும் ஒருமுறை மாறிச் சொல்லிவிட்டேன். அண்ணை வாசத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், குடிக்கவேயில்லை. அவர் வீட்டில் ஒருவரும் குடிப்பதில்லை.

பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு, மாலை ஆறுக்கு என்று அதே மூன்றையும் திரும்பத் திரும்பச் சுவைத்தோம். கள்ளு மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டியின் உள்பக்கத்தில் நேற்றைய கள்ளின் மதுவம் (ஈஸ்ட்) ஒட்டியிருக்கும், காற்றிலும் பூச்சியிலும் வந்து சேர்வது வேறு. மதுவத்தோடு சைமோமோனாஸ் என்றொரு பற்றீரியாவும் சேர்ந்து வேலை செய்கிறது. மெக்சிக்கோவில் கற்றாழை போன்ற அகாவேயின் சாற்றில் செய்யும் புல்கேயிலும் இதே பற்றீரியாதான். பத்து மணிக்கு இனிப்பும் புளிப்பும் சமமாக நின்றன. இரண்டு மணிக்கு இனிப்பு ஒதுங்கிவிட்டது, சாராயச் சூடு தெரிந்தது. மாலையில் காடியின் வாசம் எட்டிப் பார்த்தது. திராட்சை வைன் பத்து வருடத்தில் போகிற தூரத்தை இது ஒரு பகலில் போகிறது.

நயாகராவில் ஐஸ்வைன் செய்கிறோம். கொடியிலேயே திராட்சை உறைய வேண்டும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 8 பாகைக்கு இறங்கினால்தான் பறிக்கலாம் என்பது விதி. நடுச்சாமத்தில் கை விறைக்கப் பறிப்போம். அந்தக் குளிரையும் அந்த நேரத்தையும் சொல்லித்தான் உலகம் முழுக்க விற்கிறார்கள். இங்கே ஒரு மனிதர் தினமும் விடிய முன்னர் பல பனைகளில் ஏறி இறங்குகிறார். அவர் கையில் உள்ள நுட்பத்துக்கு ஒரு லேபல்கூட இல்லை. பழைய தமிழில் கள்ளுக்கு எத்தனை பெயர்! தேறல், நறவு, மட்டு, தோப்பி. தெளியவைத்தது ஒன்று, அரிசியில் செய்தது ஒன்று, மூங்கிற் குழாயில் நாள்பட வைத்தது இன்னொன்று. இவ்வளவு பெயர் வைத்திருந்த மொழியில் இன்றைக்கு உடன்கள்ளு, புளிச்சகள்ளு, பனை, தென்னை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஏன் என்று அண்ணையிடமே கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. கத்தியைத் தீட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“என்ர அப்புவுக்குச் சிரட்டையிலதான் தேத்தண்ணி குடுத்தவை தம்பி. அவர் இறக்கின கள்ளை மட்டும் செம்பில வாங்கிக் குடிச்சவை.”

என் அம்மம்மா வீட்டு வேலிக்கு வெளியே நின்று கள்ளுக் கொடுத்துவிட்டுப் போன ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கள்ளுக்குப் பெயர் இல்லாமல் போனதும் இறக்கியவருக்குப் பெயர் இல்லாமல் போனதும் வேறு வேறு கதையல்ல என்று நினைக்கிறேன். அண்ணையிடம் இதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாம் நாள்: சுண்ணாம்பும் தவறணையும்

காலையில் அண்ணையின் மனைவி கருப்பநீர் காய்ச்சினார். அதே பாளை, அதே மரம். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் கள்ளாகாது. சுண்ணாம்பு சாற்றின் புளிப்பை ஏறவிடாமல் தடுப்பதால் மதுவம் அடங்கிவிடும், இனிப்பு அப்படியே தங்கும். என்னிடமிருந்த சீனிமானியில் 12 வீதம் காட்டியது. (கள்ளில் இந்தக் கருவி சரிவராது, மதுசாரம் கலந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.)

போர்த்துக்கலில் போர்ட் வைன் செய்கிறவர்களும் இதையேதான் வேறு வழியில் செய்கிறார்கள். திராட்சைச் சாறு பாதி புளித்திருக்கும்போது 77 வீதமுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி மதுவத்தை நிறுத்துவார்கள். மிச்ச இனிப்பு உள்ளே தங்கிவிடும். அவர்களுடைய டூரோ பள்ளத்தாக்கு 1756இலேயே எல்லை வகுத்துக் காக்கப்பட்ட பிரதேசம். அந்த ஊர்க்காரர் தங்கள் வைனை எவ்வளவு காலமாகப் பொத்திப் பாதுகாக்கிறார்கள் என்று பாருங்கள்.

அக்கா பெரிய தாச்சியில் துழாவிக்கொண்டேயிருந்தார். மூன்று மணித்தியாலம் இருக்கும். குமிழி சின்னதாகிப் பாகு இறுகியதும், குட்டான்களில் ஊற்றினார். சூட்டோடு விரலில் எடுத்துத் தந்தது இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த வாய். ஆனால் விறகுக்கும் உழைப்புக்கும் கிடைக்கிற விலை போதாது. “பிள்ளையள் இதுக்கு வரமாட்டினம். வரவும் வேண்டாம்” என்றார் அக்கா. எனக்கு மறுத்துப் பேச வாயில்லை.

மத்தியானம் நண்பனோடு தவறணைக்குப் போனேன். அங்கே எல்லா மரத்துக் கள்ளும் ஒரே பீப்பாயில். குறை சொல்ல வரவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் சீவுகிறவர்களுக்கு நிலையான ஒரு வாங்கும் இடம் கிடைத்தது. நல்ல சுத்தமான கள்ளுத்தான். இருந்தாலும் நேற்றுக் குடித்த மூன்றும் அதற்குள் எங்கேயோ இருக்கின்றன என்று தேடித் தேடிக் குடித்தேன், கிடைக்கவில்லை. பக்கத்து வாங்கிலிருந்தவர் களவாக வடிக்கும் கசிப்புச் சாராயத்தைப் பற்றிப் பேசினார். அவருடைய தம்பியை அது கொண்டுபோய்விட்டதாம். வன்னியில் குடியைப் பற்றி எழுதுகிற எவரும் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது. பல வீடுகளில் பெண்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். கசிப்பும் கள்ளும் ஒன்றல்ல என்பதும் தெரியும்.

ஆறாம் நாள்: மன்னார் வீதி

புறப்படும்போது அண்ணை இளம் மரத்துக் கள்ளை ஒரு போத்தலில் தந்தார். “மூடியை இறுக்காதேங்கோ” என்று சொல்லித்தான் தந்தார். குலுங்குகிற பஸ்ஸில் சிந்திவிடும் என்று பயந்து நான் இறுக்கிவிட்டேன். வெள்ளாங்குளம் தாண்டி, இலுப்பைக்கடவைக்குக் கிட்ட, மடியிலிருந்த பை படீரென்றது. கண்ணாடிப் போத்தல். நல்லவேளை, தடித்த துவாயில் சுற்றி வைத்திருந்தேன், யாருக்கும் காயமில்லை. பஸ் முழுக்கக் கள்ளு மணம். நடத்துநரிடமும் முன் இருக்கை அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஷாம்பெயின் போத்தலுக்குள் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஆறு மடங்கு அமுக்கம் இருக்கும், அதற்காகவே அந்தக் கண்ணாடி அவ்வளவு தடிப்பு. எனக்கு இது தொழில். தெரிந்திருந்தும் அவர் சொல்லைக் கேட்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

அடிப்பாகம் கிண்ணம் மாதிரி உடையாமல் நின்றது. அதற்குள் அரைக் கிளாஸ் மிச்சம். துணியில் வடித்து, தண்ணீர்ப் போத்தலொன்றில் ஊற்றி, மூடியைத் தளர விட்டு வைத்துக்கொண்டேன்.

இலுப்பைக்கடவை என்ற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்கிறோம். அந்தப் பூவைக் காயவைத்து, புளிக்கவைத்து, வடித்து, நடு இந்தியாவின் பழங்குடி மக்கள் மகுவா என்ற சாராயம் செய்கிறார்கள். அதற்கென்று தனி மணம், தனி மரியாதை, சடங்குகளில் இடம். நம் ஊர்ப் பெயரில் மட்டும் அந்த மரம் நிற்கிறது.

மன்னாரில் மச்சாள் வீடு. கதையைச் சொன்னதும் முதலில் பையைத் தோய்க்கப் போட்டார். பிறகு அந்த அரைக் கிளாஸை வாங்கி மணந்து பார்த்தார். “இது காணும்” என்றார். பச்சரிசியை ஊறப்போட்டார். இரவு அரைத்து, கள்ளை விட்டுக் குழைத்து, பானையை மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். சின்ன வயதில் அப்பத்துக்குக் கள்ளு வாங்கிவர என்னைத்தான் அனுப்புவார்கள்.

ஏழாம் நாள்: காலை

ஐந்து மணிக்கு எழும்பிப் பார்த்தேன். மா பானையின் வாயைத் தொட்டிருந்தது.

மச்சாள் தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்து, அப்பத்தாச்சியில் ஊற்றிச் சுழற்றினார். ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமாக எழும்பியது, நடுவில் சின்னச் சின்னக் கண்கள். முதல் அப்பத்தைப் படமெடுத்து அண்ணையின் மகனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவனே எடுத்தான் போல ஒரு குரல்பதிவு வந்தது, பேசியது அண்ணை.

“அந்த மரத்துக்கு உங்கட அம்மம்மா வீட்டுக்குக் கள்ளுக் குடுத்த ஆளின்ர பேரை வைக்கலாம் எண்டு நினைச்சனான். உங்களுக்குத் தெரியாது எண்டு சொன்னீங்கள். முல்லியவளை மாமாவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

மாமாவுக்கு இப்போதுதான் அழைத்தேன். அவருக்கும் உடனே வரவில்லை. ஊரிலுள்ள வயசானவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மச்சாளின் சின்னவள் மூன்றாவது அப்பத்தின் ஓரத்தை மட்டும் சுற்றிவரக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.